மதுரையை விட யாழ்ப்பாணம் கிட்டே!

சென்னைக்கு மதுரை கிட்டேயா, யாழ்ப்பாணம் கிட்டேயா என்று வீட்டில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி? மதுரைதான்!" என்பார்கள். பேசாமல் குழந்தைகளின் பூகோளப் படத்தை விரித்து, அடிக்கோலை வைத்து அளந்து காட்டுங்கள். வான்வழியில் மதுரை சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கிலோமீட்டர்தான்! இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரை மேற்கே ஒதுங்கியிருக்கிறது. பலாலி சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது.

இவ்வளவு பக்கத்து ஊருக்கு நம்மவர்கள் எப்படிப் போனார்கள் தெரியுமா? அந்த நாளில் எழும்பூரில் 'போட் மெயில்' ஏறி, மறுநாள் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் மதவாச்சி வரை தெற்கே போய், வண்டி மாறி மறுபடி வடக்கே வர வேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான்! 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது.

ஆகாய மார்க்கம் அதற்கு முன்பே திறந்திருந்தது. ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10-ந் தேதி கொழும்பு ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்த டக்கோட்டாவின் பெயர் 'சீதா தேவி'. இலங்கையிலிருந்து புறப்பட்ட விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யார் வைக்க முடியும்!

பிறகு யுத்தம் வந்தது. பலாலி ராணுவத்தின் வசமாயிற்று. சென்னையில் இருக்கும் மகளுக்கு, யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் யாழ்ப்பாணத்தையும் கடந்து, 650 கிலோமீட்டர் பறந்து கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். பிறகு வந்த திசையிலேயே வடக்கு நோக்கி ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தரைவழிப் பயணம். 1990-ல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில்தான் மீண்டும் ஊர் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாதையே அடைபட்டிருந்த காலமும் உண்டு. எத்தனை மகள்கள் காரியம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்களோ, போகவே முடியாமல் இங்கேயே அழுது தீர்த்தார்களோ!

2019 நவம்பர் 11-ந் தேதி சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி விமானம் இறங்கியது. நாலே மாதத்தில் கொரோனா வந்து அதை நிறுத்தியது. 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கி, 2024 செப்டம்பரில் இரண்டாவது கம்பெனியும் சேர்ந்துகொண்டது.

இந்த வழியில் ஓடுவது விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம். அப்படியானால் முக்கால் மணி போதுமே, டிக்கெட்டில் ஏன் ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறது என்று கேட்பீர்கள். இடத்தை விட்டு நகர்ந்தது முதல், போய் நின்று ஓயும் வரை அவர்கள் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, இறங்கும்போது வட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். அடுப்பில் பருப்பு வேகிற நேரத்துடன் தாளிக்கிற நேரத்தையும் நாம் சேர்த்துக்கொள்வதில்லையா?

கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வேலை இல்லை. 2006 முதல் இரண்டு தேசத்துக்கும் ஒரே மணிதான். ஆனால் பாஸ்போர்ட்டும் விசா அனுமதியும் கட்டாயம் வேண்டும். நின்று நின்று ஓடிய தடம் இது. ஆகவே நாள் பார்ப்பதற்கு முன்னால் அன்றைக்கு விமானம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.