ஆப்பரேஷன் முடிந்தது, கால் நடக்க வேண்டாமா?

பால்மரம் வெட்டுகிறவருக்குக் கைதான் முக்கியம் என்பார்கள். கால் மட்டும் சும்மாவா? விடியுமுன் நிரையில் இறங்கினால் 500 மரமானாலும் காலால்தானே சுற்றி வர வேண்டும்? செம்பனைக் காட்டில் நீண்ட கம்பு அரிவாளைத் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து குலை வெட்டுகிறவரின் பாரமெல்லாம் இரண்டு கணுக்கால்களில்தான் நிற்கிறது.

மழையில் வழுக்கும் சரிவு, புல் மூடிய பள்ளம், மோட்டார் சைக்கிள் சறுக்கல் – ஏதோ ஒன்றில் கணுக்கால் உடைந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் தகடும் திருகாணியும் வைத்து எலும்பைச் சேர்த்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்மவர்களில் பலர் தடுமாறுகிறார்கள்.

சிலருக்குப் பயம். "காலை ஆட்டாதே தம்பி, உள்ளே வச்ச ஆணி கழண்டுடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, மாதக்கணக்கில் பாயிலேயே கிடந்துவிடுகிறார்கள். கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால் ஆடுசதை வற்றி, கணு மரக்கட்டையாக விறைத்திருக்கும். வேறு சிலருக்கு அவசரம். "அடுப்பு எரியணுமே அண்ணே" என்று, டாக்டர் காலை ஊன்றச் சொல்லுமுன்பே வேலைக்காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திருகாணி தளர்ந்து, எலும்பு விலகி, மறுபடியும் ஆப்பரேஷன் மேசைக்குப் போக நேரிடலாம்.

இரண்டுமே காலைக் கெடுக்கும். எலும்பைச் சேர்த்து வைப்பது டாக்டரின் வேலை. நடையைத் திரும்பக் கொண்டு வருவது நம் வேலை. டாக்டர் அனுமதித்த பயிற்சியால் ஆணி கழலாது. அனுமதிக்காத பாரத்தால்தான் ஆபத்து.

கட்டு இருக்கும்போது

உடைந்த எலும்பு ஒட்ட ஏறக்குறைய 6 வாரம் ஆகும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். பீடி, சிகரெட்டை இந்தச் சமயத்திலாவது விட்டுவிடுங்கள்.

படுத்திருக்கும்போது தலையணைகளை அடுக்கி, கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். வீக்கம் வடியும். ஆடுசதை சுருங்கி விரியும்போதுதான் காலில் உள்ள இரத்தம் மேலே ஏறுகிறது. அசையாமல் கிடந்தால் இரத்தம் தேங்கி உள்ளே கட்டியாகலாம். ஆகவே மணிக்கு ஒரு முறையாவது கால்விரல்களை மடக்கி நீட்டுங்கள். முழங்காலை நேராக வைத்துத் தொடைச் சதையை இறுக்கி, 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். நல்ல காலையும் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

டாக்டர் அசைக்கச் சொன்ன பிறகு

1. பாதத்தை மெதுவாக மேலே இழுத்து, பிறகு கீழே அழுத்துங்கள். 10 தடவை, ஒரு நாளைக்கு 3 வேளை.

2. கட்டை விரலைப் பேனாவாக நினைத்து அ முதல் ஔ வரை 12 உயிரெழுத்துகளையும் காற்றில் எழுதுங்கள். முழங்கால் ஆடக் கூடாது. கணுதான் எழுத வேண்டும். பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தால் அவர்களுக்கும் பாடம், உங்களுக்கும் பயிற்சி.

3. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் துண்டைப் போட்டு இரு நுனிகளையும் உங்கள் பக்கம் இழுங்கள். ஆடுசதை இழுபடுவது தெரியும். 20 முதல் 30 எண்ணும் வரை பிடியுங்கள். 3 தடவை போதும். ஆனால் குதிகால் நாண் அறுந்து தைத்தவர்கள் டாக்டர் சொல்லாமல் இதைச் செய்யவே கூடாது. தைத்த நாண் நீண்டுவிட்டால் காலுக்குப் பலம் இருக்காது.

4. தரையில் ரப்பர் கொட்டைகளைப் பரப்பி, கால்விரலால் ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் போடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் கொட்டைக்குப் பதிலாகப் பழைய துணியைச் சுருட்டி எடுக்கலாம்.

காலை ஊன்றச் சொன்ன பிறகு

ஒரே கைத்தடி என்றால் நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். பலர் நோவுக் கால் பக்கம் பிடிக்கிறார்கள், அது தவறு. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுக் கால் முதலில்.

சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகால்களையும் உயர்த்தி இறக்குங்கள். பலம் வந்த பிறகு ஒற்றைக் காலில் செய்யலாம். பிறகு கதவு நிலையருகே நின்று, ஒற்றைக் காலில் 30 எண்ணும் வரை விழாமல் நிற்கப் பழகுங்கள். மேடு பள்ளத்தில் கால் மடங்காமல் காப்பது இந்தப் பயிற்சிதான்.

எவ்வளவு வலி சரி? செய்யும்போது கொஞ்சம் இழுப்பும் நோவும் இருக்கும். மறுநாள் காலையில் வலியும் வீக்கமும் கூடியிருந்தால் முந்தின நாள் அளவு மீறியது என்று அர்த்தம். பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். மாலையில் கணு வீங்குவது பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இருக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

ஆடுசதை திடீரென வீங்கிக் கடுமையாக வலித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள். உள்ளே இரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய் உயிரையே வாங்கிவிடும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. காயத்தில் சீழ், காய்ச்சல், விரல்கள் நீலமாகிக் குளிர்ந்து மரத்துப்போவது, இவையும் அப்படித்தான்.

கூலி போகிறதே என்கிறீர்களா?

வேலை செய்யும்போதோ, வேலைக்குப் போய் வரும் வழியிலோ விபத்து நடந்திருந்தால் உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். நம்மவர்கள் சொக்சோ என்று சொல்லும் பெர்கேசோவுக்கு அதை 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது முதலாளியின் கடமை. எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால், கணக்கிட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். எம்.சி.யில் இருந்துகொண்டே வேலைக்குப் போனால் அந்த நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. கூலியை நினைத்து அவசரப்பட்டால் காலும் போய்ப் பணமும் போகிறது. மலாக்காவில் 2014 முதல் பெர்கேசோவின் மறுவாழ்வு மையமே இயங்குகிறது. உங்களுக்கு அங்கே இடம் உண்டா என்று பெர்கேசோ அலுவலகத்தில் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

பிசியோதெரபிக்குத் தேதி கொடுத்தால் தவறாமல் போங்கள். "வெறும் காலை ஆட்டிக் காட்டுறதுக்கா பஸ் செலவு?" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் வேலை என்ன, சரிவில் ஏறுகிறீர்களா, குந்தி உட்கார வேண்டுமா என்று அங்கே விவரமாகச் சொல்லுங்கள். அதற்கேற்ற பயிற்சி கிடைக்கும். மோட்டார் சைக்கிளில் இடது கால் கியர், வலது கால் பிரேக். எந்தக் காலானாலும் டாக்டரைக் கேட்காமல் ஏறாதீர்கள்.

குந்தி எழுந்து, படி ஏறி இறங்கி, நொண்டாமல் அரை மணி நேரம் நடக்க முடிந்தால், வேலைக்குத் திரும்புவது பற்றி டாக்டரிடம் பேசலாம். முதலில் சமதரையில் இலகு வேலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சரிவுக் காடு பிறகு.

வீட்டில் உள்ள தாய்மார்களே, பிள்ளைகளே! அப்பா காலை நீட்டிப் படுத்திருந்தால் துண்டை எடுத்துக் கையில் கொடுங்கள். "இன்னிக்கு எழுத்து எழுதியாச்சா?" என்று கேளுங்கள். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் கால் மணி நேரம். செலவில்லாத மருந்து இது. ஆனால் விட்டு விட்டுச் செய்தால் பலிக்காது.