அலர்ஜி என்று மட்டும் சொன்னால் போதாது

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் பிஜி விடுதிகள் நெருங்கி நிற்கும் தெருக்களில், மெடிக்கல் ஷாப் கவுன்டருக்குப் பழகிப்போன பேச்சு இது: "அண்ணா, தொடை இடுக்குல அலர்ஜி, அரிப்பு தாங்கல. ஏதாவது ஆயின்ட்மென்ட் குடுங்க." கைக்கு வரும் ட்யூபில் பல நேரம் குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாட்டிக்கோடும் கலந்திருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். ஆனால் அரிப்புக்குக் காரணமான பூஞ்சை சாகாது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் அது இன்னும் வேகமாகப் படரும். இந்தப் பூஞ்சைத் தொற்றான படர்தாமரையைக் காட்டிக்கொடுப்பதே செதில் விளிம்போடு கூடிய அதன் வட்டம்தான். அந்த விளிம்பு கலைந்துவிட்டால் மருத்துவரே தடுமாறுவார். இந்த நிலைக்கு 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர்.

ஸ்டீராய்டு கிரீமை இப்படிப் பூசுவது எங்கோ ஒருவர் செய்வதல்ல. 2011இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முகத் தோல் பிரச்சினையோடு தோல் பிரிவுக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்திலேயே ஸ்டீராய்டு கிரீம் பூசிவந்தது தெரிந்தது. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் விற்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம்.

நோய்க்கு நாமே பெயர் வைப்பதை விட்டுவிட்டு, கண்ணில் படுவதைச் சொல்வது நல்லது. மருத்துவர் முதலில் பார்ப்பது தட்டையா, மேடா என்பதைத்தான். விரலால் தடவினால் தட்டுப்படாத நிறமாற்றம் ஒரு செ.மீ.க்குள் இருந்தால் 'மேக்யூல்', பெரிதானால் 'பேட்ச்'. விரலுக்குத் தட்டுப்படும் சிறு புடைப்பு 'பேப்யூல்', அகன்ற தடிப்பு 'பிளேக்'. நீர் கோத்த சின்னக் கொப்புளம் 'வெசிகிள்', சீழ் வைத்தது 'பஸ்ட்யூல்'. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. "ரூபாய் நாணய அளவு, விளிம்பு மேடு, நடுவில் தெளிவு, மூன்று வாரமாகப் பெரிதாகிறது, இந்தக் கிரீம் பூசினேன்" என்றாலே பாதி வேலை முடிந்தது. பூசிய ட்யூபைத் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள்.

நிறத்தில் கவனம் தேவை. பாடநூல்கள் 'சிவப்பு' என்பது நம் மாநிறத் தோலில் பெரும்பாலும் ஊதாவாகவோ கருமையாகவோ தெரியும். 2020இல் லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே 'மைண்ட் தி கேப்' என்ற கையேட்டை உருவாக்கக் காரணமே பாடநூல்களின் இந்தக் குறைதான். வீடியோவில் ஆலோசனை கேட்பவர்கள் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, தள்ளி ஒன்றும் கிட்டத்தில் ஒன்றுமாகப் படம் எடுப்பது நல்லது. 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும்.

வெளிறிய திட்டு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: அங்கே உணர்ச்சி இருக்கிறதா? தேமலை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பொடியாகச் செதில் உதிரும். செதிலும் அரிப்பும் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாத திட்டு தொழுநோயாக இருக்கலாம். தள்ளிப்போட்டால் நரம்பு பாதித்து விரல்கள் மடங்கிப்போகலாம். கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகும். 2019இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாது. குணமான பிறகும் உணர்விழப்போ ஊனமோ உள்ளவர்களுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. பயந்து மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்து பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்சாலைகளில் கூலன்ட் எண்ணெய், பெயின்ட், ரசாயனங்களைக் கையாளுபவர்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தடிப்பு கையுறை விளிம்போடு நிற்கிறதா, வாராந்திர விடுமுறையில் குறைந்து ஷிப்டுக்குப் போனதும் திரும்புகிறதா? ரசாயனமும் பெயின்டும் படுவதால் வரும் தோல் அழற்சி, அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இஎஸ்ஐ அட்டை உள்ளவருக்குச் சிகிச்சையோடு, தொழில்நோய் என உறுதியானால் இழப்பீடு கோரவும் வழியுண்டு. அதற்கு எந்த ரசாயனம், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதெல்லாம் ஓபி சீட்டில் பதிவாகியிருக்க வேண்டும். எழுதச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவக் குறிப்பு ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 முதல் மருத்துவர்களுக்கான விதி. சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.