கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? வயிற்றைத் தடவாதீங்க!

‘பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கும், தடவிவிட்டா சரியாப் போயிரும்.’ பசுவந்தனை, கோவில்பட்டி என்று கரிசல் சீமையில் கைக்குழந்தைக்கு வயிற்றாலே போனால், வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் அக்கறையைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால், காரணம் பெரும்பாலும் வைரஸ்!

முக்கியமானது ரோட்டா வைரஸ். 1973-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். சிறுகுடலின் உட்சுவரை இது சிதைப்பதால் தண்ணீராகப் பேதியாகிறது. ஆன்டிபயாடிக் இதற்குப் பலிக்காது. உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். 1 லிட்டர் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடி என்றால், முழுவதையும் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மருந்தும் கொடுங்கள்.

குடலுக்குள் குடல்!

அபூர்வமாக இன்னொரு ஆபத்து வரும். அடினோ போன்ற வைரஸ்கள் தாக்கும்போது, சிறுகுடல் முடியும் இடத்தில் நிணநீர்த் திசுக்கள் வீங்கலாம். அந்த வீக்கத்தோடு சிறுகுடல் பெருங்குடலுக்குள் செருகிக்கொள்ளும். சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கமாக மடங்கிக்கொள்கிறதே, அப்படி! இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இது அதிகம்.

எப்படித் தெரியும்?

* திடீரென்று வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கும். சில நிமிடத்தில் ஓயும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அழும்.
* வாந்தி. போகப்போகப் பச்சையாக வரலாம்.
* சோர்ந்து துவண்டு கிடக்கும்.
* ரத்தமும் சளியும் கலந்து சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போகும். இது தாமதமாகத்தான் தெரியும். அதுவரை காத்திருக்காதீங்க!

இந்த நேரத்தில் வயிற்றை அமுக்கித் தடவுவது, தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது எதுவும் வேண்டாம். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சீக்கிரம் போனால், ஸ்கேன் பார்த்து, ஆசனவாய் வழியாகக் காற்றோ உப்பு நீரோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தாமதமானால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகும், ஓட்டை விழும். பிறகு ஆபரேஷன்தான்.

ரோட்டா வைரஸுக்கு வாய்வழி சொட்டு மருந்து இருக்கிறது. தமிழக அரசு 2017 முதல் இலவசமாகத் தருகிறது. 6, 10, 14-வது வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

பாட்டி வைத்தியம் எத்தனையோ நல்லது. ஆனா, குடல் விஷயத்தில் கையை வைக்காதீங்க!