இறகைப் பிடுங்கும் காக்டீல்: தீனிக் கிண்ணத்தைக் கொஞ்சம் பாருங்கள்

தலையில் கொண்டை கம்பீரமாக நிற்கிறது. கன்னத்து ஆரஞ்சுப் பொட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் நெஞ்சிலும் இறக்கைக்கு அடியிலும் தோல் தெரிகிறது. தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் காக்டீலின் அடையாளம் இது. அலகு எட்டாத ஒரே இடம் தலைதான். தலையிலும் இறகு போயிருந்தால் கூட இருக்கும் ஜோடிப் பறவையையோ, நோயையோ சந்தேகிக்க வேண்டும். லுட்டினோ வகைக்குக் கொண்டைக்குப் பின்னால் இருக்கும் வழுக்கை மட்டும் பிறவியிலேயே வருவது, கவலை வேண்டாம்.

இறகு கொட்டுகிறது என்றதும் பலரும் முதலில் வாங்குவது வைட்டமின் சொட்டு மருந்து. முதலில் போக வேண்டியது பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, ஈரல் கோளாறு, கூண்டுக் கம்பியைக் கொறிப்பதால் உடம்பில் சேரும் துத்தநாகம் எனக் காரணங்கள் பல. எச்சத்தைப் பரிசோதித்தாலே சிலவற்றுக்கு விடை கிடைத்துவிடும். அதன் பிறகு, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், திருத்த வேண்டியது சாப்பாடு.

கிண்ணத்தில் என்ன குறை?

காக்டீலின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புல்வெளிகள். தரையில் இறங்கி, பாலேறிய புல் விதை முதல் முற்றிய விதை வரை பொறுக்கித் தின்னும்; தண்ணீர் தேடி வெகுதூரம் பறக்கும். நம் வீட்டில் அதே பறவை கூண்டுக்குள் உட்கார்ந்தபடி சூரியகாந்தி விதை தின்கிறது. அந்தப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. கடையில் விற்கும் கலவையில் தினையும் மற்ற விதைகளும் இருந்தாலும், பிடித்ததை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியை ஒதுக்கும் சாமர்த்தியம் இதற்கு உண்டு. தின்றபின் கிண்ணத்தில் தங்குவது உமிதான். ஊதிப் பார்க்காதவர்கள் தீனி நிறைய இருப்பதாக நினைத்துவிடுவார்கள்.

உலர்ந்த விதையில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை, கால்சியமும் சொற்பம். வைட்டமின் ஏ நெடுநாள் குறைந்தால் தோல் தடித்து வறளும். இறகோ ஏறக்குறைய 90 சதவீதம் புரதம். அதை நெய்ய மெத்தியோனின், சிஸ்டைன் போன்ற கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும். இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் காலத்தில் இந்தத் தேவை கூடும்.

கூடினாலும் கெடுதல்

அப்படியானால் வைட்டமினைச் சொட்டாகவே கொடுத்துவிடலாமே? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இங்கே எச்சரிக்கிறது. வளர்ந்த காக்டீல்களை வைட்டமின் ஏ பற்றாக்குறையைவிட, அது மிதமிஞ்சிப் போவதுதான் அதிகம் பாதிக்கிறது என்று அது கண்டது. வைட்டமின் சேர்த்த பெல்லட் என்ற குருணைத் தீனியைத் தின்னும் பறவைக்கு மேலும் சொட்டு விடுவது இரட்டை மருந்து.

காய்கறியில் இந்த ஆபத்து இல்லை. கேரட், பரங்கிக்காய், சிவப்புக் குடைமிளகாய், முருங்கைக்கீரை ஆகியவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதிலிருந்து உடம்பு தனக்குத் தேவையான அளவு வைட்டமினை ஆக்கிக்கொள்ளும். முருங்கைக்கீரையில் கால்சியமும் உண்டு.

தட்டில் பாதியளவு தரமான பெல்லட். அடுத்து பொடியாக நறுக்கிய காய், கீரை. கொஞ்சம் முளைகட்டிய பச்சைப்பயறு. வாரத்துக்கு ஓரிரு முறை சிட்டிகையளவு அவித்த முட்டை. விதை கடைசியில், ஒரு சிறு கரண்டி. கால்சியத்துக்குக் கூண்டில் ஒரு கணவாய் ஓடு. நம் வெயிலுக்கு ஈரத் தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் பண்டம் கூடவே கூடாது.

பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்

விதையிலேயே வளர்ந்த காக்டீலுக்கு கேரட் உணவாகவே தெரியாது. விதையை ஒரேயடியாக நிறுத்தினால் பட்டினி கிடக்கும். காலையில் பசியோடு இருக்கும்போது புதியதை முதலில் வையுங்கள். விதையைப் பிறகு கொடுங்கள். அதன் எதிரில் நீங்களும் கேரட்டைக் கடித்துக் காட்டுங்கள். கூட்டமாக மேயும் இனம், பார்த்துத்தான் கற்கும். கிராம் காட்டும் சமையலறைத் தராசில் தினமும் தீனிக்கு முன் எடை பாருங்கள். 90 கிராம் பறவை 9 கிராம் இழந்தால், பழைய தீனிக்குத் திரும்பி மருத்துவரை அழைக்க வேண்டும்.

எதைத் தின்கிறது என்பதைப் போலவே எப்படித் தின்கிறது என்பதும் முக்கியம். அதே 2003இல் அதே டேவிஸிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு இளம் அமேசான் கிளிகளைப் பற்றியது. தேடி எடுத்துத் தின்னும் வாய்ப்பும் ஏறி விளையாடப் பொருட்களும் கொடுத்தபோது, அவை இறகு பிடுங்குவது குறைந்தது. காட்டில் பகலின் பெரும்பகுதி இரைதேடலில் கழியும்; கூண்டில் கொஞ்ச நேரத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. மிச்சப் பொழுதில் அலகுக்குக் கிடைப்பது சொந்த இறகு. கீரையை நனைத்துக் கொத்தாகத் தொங்கவிடுங்கள். பயற்றை ஓலையில் சுற்றி வையுங்கள். விதையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.

பிடுங்கிய இடத்தில் புது இறகு வரச் சில வாரங்கள் ஆகும். திரும்பத் திரும்பப் பிடுங்கி வேர்க்குழி கெட்டிருந்தால் முளைக்காமலும் போகலாம். எடையும் எச்சமும் சீராக இருந்தும், இரண்டு மூன்று மாதத்துக்குப் பின்னும் பிடுங்கினால், தூக்கம், தனிமை, இனப்பெருக்க உந்துதல் ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அப்போதும் புதிய தட்டை மாற்ற வேண்டாம். இறகு வந்தாலும் வராவிட்டாலும், 15 முதல் 20 ஆண்டுகள் வாழக்கூடிய பறவையின் ஈரலுக்கும் எலும்புக்கும் அந்தச் சாப்பாடு வேண்டும்.