சூளைக்காரர்களின் மாட்டுக்கறி

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்துக்கு இத்தாலியச் சாப்பாடு புதிதல்ல. 1968-ல் இங்கே ஆரோவில் தொடங்கியபின் பல நாட்டுக்காரர்கள் வந்து குடியேறினார்கள். இன்று குயிலாப்பாளையம் பக்கம் போனால் பீட்சாவும் பாஸ்தாவும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இத்தாலியின் உழைப்பாளிகள் சாப்பிட்ட மாட்டுக்கறியைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. அதன் பெயர் பெப்போசோ.

ஃபுளோரன்ஸ் நகருக்குத் தெற்கே இம்ப்ருனேத்தா என்றோர் ஊர். செங்கல், ஓடு சுடும் சூளைகளுக்குப் பேர்போனது. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை 1420 முதல் 1436 வரை கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி எழுப்பினார். அதற்கு ஓடு சுட்ட தொழிலாளர்கள், மலிவான கறியை மண்சட்டியில் போட்டு, பூண்டும் மிளகும் திராட்சை மதுவும் சேர்த்து, சூளை வாயருகே வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள் என்பது அந்த ஊர்க் கதை. தக்காளி ஐரோப்பாவுக்கு வராத காலம் அது. காரமெல்லாம் மிளகுதான், அதுவும் நம் மேற்குக் கரை மிளகு. இந்த வணிக உறவு இன்னும் பழையது: அதற்கும் பல நூற்றாண்டு முன்பே தொஸ்கானாவின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்பு மட்பாண்டங்கள் புதுச்சேரியை ஒட்டிய பழந்துறைமுகமான அரிக்கமேட்டுக்கு வந்திருக்கின்றன. 1945-ல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது, மது நிரப்பி வந்த ஜாடிகளின் ஓடுகளோடு அவையும் கிடைத்தன.

நம் ஊர் மாட்டுக்கறிக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் இல்லை என்பேன். தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயது தாண்டி உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டையோ, மீளமுடியாதபடி ஊனப்பட்ட மாட்டையோதான் சான்று பெற்று அறுக்கலாம். ஆகவே இங்கே கிடைப்பது முற்றிய கறி. அவசரமாக வறுத்தால் ரப்பர்தான். முன்னங்கால் சதையில் வெள்ளையாக ஓடும் ஜவ்வு, மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வெந்தால்தான் கரைந்து சாறாகும். மாவு எதுவும் சேர்க்காமலே குழம்பு கெட்டிப்பட்டு உதட்டில் ஒட்டுவது அந்த ஜவ்வினால்தான்.

ஒரு கிலோ முன்னங்கால் சதையைப் பெரிய துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். சின்னதாக வெட்டினால் நாராகப் பிரிந்துவிடும். தோலுரித்த பூண்டு பத்துப் பன்னிரண்டு பல், ஒன்றிரண்டாக இடித்த மிளகு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, ஒரு பாட்டில் புளிப்புத் தூக்கலான சிவப்பு ஒயின். இனிப்பு ஒயின் வேண்டாம். புதுச்சேரியில் விலை குறைவென்று அங்கிருந்து பாட்டில் கொண்டுவராதீர்கள். அது குற்றம், எல்லையில் மதுவிலக்கு போலீஸ் சோதனை உண்டு. டாஸ்மாக் எலைட் கடையில் வாங்குங்கள்.

தாளிப்பில்லை, வதக்கலில்லை. எல்லாவற்றையும் கனத்த மண்சட்டியில் ஒன்றாகப் போட்டு மூடி, அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள். தளதளவென்று கொதிக்கவிடாமல், ஓரத்தில் ஒரு குமிழி எழுந்து அடங்கும் அளவே சூடு இருக்கட்டும். முதல் மணி நேரத்தில் ஒயினின் காட்டம் மூக்கில் ஏறும். இரண்டாவது மணியில் பூண்டு கரைந்து காணாமல் போகும். மூன்று, நான்கு மணி நேரத்தில் குழம்பு கருஞ்சிவப்பாகச் சுண்டி, கரண்டி பட்டாலே கறி உடையும். பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனால் சுண்டவைக்கும் வேலை தனியே இருக்கிறது. தொட்டுக்கொள்ள உப்பில்லா ரொட்டி என்பது தொஸ்கானா வழக்கம். ஆரோவில் பக்கத்து பேக்கரி ரொட்டியே போதும். மறுநாள் இட்லிக்கும் இந்தக் குழம்பு பிரமாதம்.

முற்றிய மாட்டுக்கறியைப் பக்குவமாக வேகவைக்கும் கையும், உப்புக்கண்டம் போட்டு வைக்கும் அறிவும் நம் சேரி வீடுகளில் தலைமுறைகளாக இருக்கின்றன. இம்ப்ருனேத்தாக்காரர்கள் தங்கள் சூளைத் தொழிலாளிகளின் சட்டியை ஊர்ப் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். இங்கோ, 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை. எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இனி எந்த உணவுத் திருவிழா நடந்தாலும், அதை நடத்துபவர்களே, மாட்டுக்கறிக்கும் ஒரு கடை ஒதுக்குங்கள்.