அட்டைக்குள் ஓர் ஆஸ்பத்திரி

முன்னாள் படைவீரருக்கும் குடும்பத்துக்கும் ஆயுள் முழுக்க சிகிச்சை உண்டு. காகிதங்கள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும்.

உத்தராகண்டில் உள்ள லான்ஸ்டவுன், கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவின் தாய்வீடு. சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத குடும்பத்தைத் தேடத்தான் வேண்டும். இருபது வயதுக்குள் படையில் சேரும் இளைஞர், சிப்பாயாகவே இருந்துவிட்டால் நாற்பதை எட்டும்முன் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிடுகிறார். மூட்டு வலியும் சர்க்கரையும் இதய நோயும் அப்போது வருவதில்லை. அவர் சீருடையைக் கழற்றி இருபது, முப்பது ஆண்டுகள் ஆன பிறகே வருகின்றன. அப்போது கைகொடுக்க வேண்டியது ஒரு பிளாஸ்டிக் அட்டை.

அந்த அட்டையைத் தருவது, முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம். சுருக்கமாக இ.சி.எச்.எஸ். அது 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் பெரிதும் நம்பியிருந்தது ராணுவ மருத்துவமனைகளை. அங்கே பணியில் இருப்பவர்களுக்கே முதலிடம். கிராமத்திலிருந்து தூரமும் அதிகம். இன்று நாடெங்கும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. முதலில் அங்கே போக வேண்டும். டாக்டர் பார்ப்பார், மருந்து கிடைக்கும். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் ராணுவ மருத்துவமனைக்கோ, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைக்கோ சீட்டு எழுதித் தருவார். நோயாளி கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. பில் நேராக அரசுக்குப் போகிறது.

ராணுவம், கடற்படை, விமானப்படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்கள் இதில் சேரலாம். குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் உரிமை உண்டு. மணமாகாத, வேலையில் இல்லாத மகன் என்றால் 25 வயது வரை. மகள் என்றால் வேலை கிடைக்கும்வரை அல்லது திருமணம் ஆகும்வரை. வருமான வரம்புக்குள் இருக்கும், அவரையே சார்ந்து வாழும் பெற்றோரையும் சேர்க்கலாம்.

சந்தா ஒரே முறை. ஹவில்தார் வரையிலானவர்களுக்கு 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போரில் கணவனை இழந்தவர்களும் எதுவும் கட்ட வேண்டாம். 2003 ஏப்ரலுக்குப் பின் ஓய்வு பெற்ற ஓய்வூதியர்களுக்குத் திட்டம் கட்டாயம். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் விரும்பினால் விலகியிருந்து, மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு இதய அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவை நினைத்துப் பார்த்தால் 1,000 ரூபாயின் மதிப்பு விளங்கும்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில். இ.சி.எச்.எஸ். தளத்தில் பதிவு செய்து, டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., ஆதார், பான், புகைப்படம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். சந்தா கட்ட வேண்டியவர்கள் அதற்கான ரசீதையும் சேர்க்க வேண்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. எந்த பாலிகிளினிக் என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். சரிபார்ப்பு முடிந்து அட்டை கைக்கு வரும்வரை தற்காலிகச் சீட்டைக் காட்டி சிகிச்சை பெறலாம்.

சிக்கல் பெரும்பாலும் தொடங்குவது பெயரில். பல ஆண்டுகளுக்கு முன் யூனிட் கிளார்க் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்த மனைவியின் பெயர் ஒன்று. ஆதாரில் இருப்பது இன்னொன்று. பிறந்த தேதியும் பொருந்தாது. சில சமயம் திருமணமே பதிவேட்டில் ஏறியிருக்காது. கணவர் உயிரோடு இருக்கும்போது இது யாருக்கும் உறைப்பதில்லை. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கும் அட்டைக்குமாக அந்தப் பெண் அஃபிடவிட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். திருத்தம் செய்ய வேண்டிய இடம் படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸ். அது பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் மனு அனுப்பலாம். ஆனால் கணவரே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் வேலை பாதியாகும்.

அவசர நேரத்தில் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். திட்டத்தில் உள்ள மருத்துவமனை என்றால் அட்டையைக் காட்டி நேராகச் சேர்ந்துவிடலாம். மற்ற மருத்துவமனையில் முதலில் பணம் கட்டிவிட்டு, பிறகு கேட்டு வாங்கலாம். ஆனால் அரசு நிர்ணயித்த கட்டணம் வரைதான் திரும்பக் கிடைக்கும். இரண்டிலும் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் பணத்தை விட்டவர்கள் உண்டு.

திட்டத்துக்கு வேறு நோய்களும் இருக்கின்றன. மருத்துவமனைகளுக்குப் பில் தொகை தாமதமாகப் போனால், சில இடங்களில் அட்டையைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். மலையிலும் பாலைவனத்திலும் இருக்கும் சிப்பாய்க்கு பாலிகிளினிக் போய் வருவதே ஒரு நாள் பொழப்பு.

ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவர்களில் பலர் திட்டத்துக்கு வெளியே. ஹவில்தார் வரையிலான அத்தகையோருக்கும் அவர்களின் விதவைகளுக்கும் கேந்திரிய சைனிக் போர்டு மருத்துவ உதவி தருகிறது. இதன் உச்சவரம்பு 2023-ல் 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆனது. கடும் நோய்க்கு எல்லாப் பதவியினருக்கும் ஒன்றரை லட்சம் வரை. இதற்கும் மாவட்ட அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 2022-ல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் நான்காண்டு முடித்து வெளியேறும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை.

வீட்டில் ஓய்வு பெற்ற சிப்பாய் இருந்தால், இந்த வாரமே டிரங்குப் பெட்டியைத் திறந்து பி.பி.ஓ.வையும் ஆதாரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது. மனைவியின் பெயர் இரண்டிலும் ஒன்றுதானா? இல்லையென்றால் திருத்துவதற்கு ஏற்ற காலம், அவர் இன்னும் கையெழுத்துப் போடக்கூடிய காலமே.