ஊசிக்கு முன் ஒரு பரிசோதனை: நுரையீரல் புற்றுநோய்க்கான புதிய சிகிச்சைகள்

 

சென்ற ஆண்டு ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்த நேரம். ராஜபாளையத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்தார். மில்லில் வேலை பார்ப்பவர். கையில் ஸ்கேன் கவரும் தடித்த ஃபைலும் இருந்தன. அவருடைய மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அந்த வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் யாரும் இல்லை.

"இம்யூனோதெரபின்னு ஒரு ஊசி இருக்காம் பாய். மூணு வாரத்துக்கு ஒண்ணு போடணுமாம். வீட்டை ஒத்திக்கு விடலாம்னு இருக்கேன். மீதிக்கு ஜகாத் நிதியில இருந்து உதவ முடியுமா?" என்று கேட்டார்.

எங்களில் யாரும் டாக்டர் இல்லை. நமக்கு ஆலோசனை சொல்லும் டாக்டரைப் போனில் அழைத்து, ஃபைலில் இருந்ததை வாசித்துக் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "பயாப்ஸியில் மரபணுப் பரிசோதனை செய்தார்களா?" அந்தத் தாள் ஃபைலில் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினோம். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அந்தச் சகோதரிக்குப் பொருத்தமானது மாத்திரைதான் என்று தெரிந்தது. நோய் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் இருமல் தணிந்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், அல்ஹம்துலில்லாஹ். வீடும் அவர்களிடமே இருக்கிறது.

இதே ஊசிக்காக உதவி கேட்டு வேறு சில குடும்பங்களும் வருவதால், இந்தச் சிகிச்சைகள் பற்றி நாங்கள் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

மாத்திரை எப்படி வேலை செய்கிறது?

செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதற்கு நம் உடலில் சுவிட்ச் போன்ற அமைப்புகள் உண்டு. சிலருடைய நுரையீரல் செல்களில் மரபணு மாற்றத்தால் ஒரு சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. செல்கள் நிற்காமல் பெருகுகின்றன. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. ஆகியவை இப்படிப்பட்ட சுவிட்சுகள். அந்த ஒரு சுவிட்சை மட்டும் அணைக்கும் மாத்திரைகளைக் கொடுப்பதுதான் இலக்கு சிகிச்சை. ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்றவை இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான மாத்திரைகள்.

நுரையீரல் புற்றுநோயில் அடினோகார்சினோமா என்பது ஒரு வகை. பயாப்ஸி தாளில் இந்தப் பெயர் இருக்கும். நம் நாட்டில் இந்த வகை வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்கள். பெண்களிடமும் புகைபிடிக்காதவர்களிடமும் இது கூடுதல்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் இந்த மாற்றம் உள்ள 350 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜெஃபிடினிப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 8 மாதம். மாத்திரையோடு கீமோவும் பெற்றவர்களுக்கு 16 மாதம். கடுமையான பக்க விளைவுகளும் சேர்ந்தே கூடின: மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 51 சதவீதம். ஜெஃபிடினிப்பை இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால், மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

ஊசி எப்படி வேலை செய்கிறது?

நம் இரத்தத்தில் உள்ள டி செல்கள் உடலின் காவலர்கள். அவை நம் உடலையே தாக்கிவிடாமல் இருக்க அவற்றில் ஒரு பிரேக் உண்டு. சில புற்றுநோய் செல்கள் பி.டி.எல்.1 என்ற புரதத்தைக் கொண்டு அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கின்றன. இம்யூனோதெரபி மருந்து பிரேக்கை விடுவிக்கிறது. காவலர்கள் மீண்டும் வேலையைத் தொடங்குகிறார்கள். இதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்புகளுக்காக அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பொருத்தமான நோயாளிக்கு இதன் பலன் பெரியது. பி.டி.எல்.1 அளவு 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்த, நோய் முற்றிய நிலையில் உள்ளவர்களிடம் நடந்த ஓர் உலகளாவிய ஆய்வில், முதலில் கீமோ பெற்றவர்களில் 100-க்கு 16 பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தார்கள். முதலில் பெம்ப்ரோலிசுமாப் ஊசி பெற்றவர்களில் 100-க்கு 32 பேர்.

ஆனால் அந்த ஆய்வில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு இந்த ஊசி பொதுவாக அதிகம் பலன் தருவதில்லை. ஊசியை முதலில் போட்டுவிட்டு, உடனே ஒசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க டாக்டர் சொல்வது இதனால்தான். நோயாளி மிகவும் தளர்ந்திருந்தால், முடிவு வரும் முன்பே கீமோவைத் தொடங்குவதும் உண்டு. அதை டாக்டரே முடிவு செய்வார்.

குறைந்த அளவு ஊசி பற்றிய செய்தி

வாட்ஸ்அப்பில் 'பத்தில் ஒரு பங்கு மருந்தே போதும்' என்ற செய்தி சுற்றுகிறது. அதற்கு அடிப்படை உண்டு. டாடா நினைவு மருத்துவமனை 2022-ல் வெளியிட்ட ஆய்வில், நிவோலுமாப் ஊசியை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் மட்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு கடந்து வாழ்ந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். ஆனால் அது வாய், தொண்டை உள்ளிட்ட தலை, கழுத்துப் பகுதி புற்றுநோய்க்கான ஆய்வு. நுரையீரலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. இது எந்த வகை, எந்த நிலை?
2. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. உள்ளிட்ட மரபணுப் பரிசோதனையும், பி.டி.எல்.1 பரிசோதனையும் செய்தாயிற்றா? இல்லையென்றால், ஏற்கெனவே எடுத்த பயாப்ஸி பிளாக்கிலேயே செய்யலாமா? சதை போதாவிட்டால் இரத்தத்தில் செய்ய முடியுமா?
3. இந்த மருந்தால் எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம்? எத்தனை மாதம் தொடர வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு?
4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதில் எவை அடங்கும்?

முதல் ஊசிக்கு மட்டும் பணம் திரட்டி, மூன்றாவது ஊசியில் நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உதவி எங்கே?

காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவை நமக்கு அருகில் உள்ளன. சென்னையில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சைக்காக ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் சான்று வாங்கிக்கொண்டால், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகச் செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸிலும் அதைப் பயன்படுத்தலாம். ஒசிமெர்டினிப், துர்வாலுமாப் மருந்துகளுக்கான சுங்க வரியை மத்திய அரசு 2024-ல் நீக்கியது. எனவே பழைய விலையை நம்பி இருக்காமல் இன்றைய விலையைக் கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மாத்திரை சாப்பிடுவோருக்குத் தோலில் தடிப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். ஊசி போட்டவர்களுக்குப் புதிதாக மூச்சுத்திணறலோ, விடாத வயிற்றுப்போக்கோ, கடும் சோர்வோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். சில கேஸ் மாத்திரைகள் ஜெஃபிடினிப்பின் வேலையைக் குறைக்கும். கருஞ்சீரகம், நாட்டு மருந்து எது எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு வைக்க விரும்பினால், மருந்து நேரத்தை மாற்றலாமா என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? அரசு மருத்துவமனையில் இலவசமாக டி.பி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டி.பி. மருந்து சாப்பிட்டும் இருமல் குறையவில்லை என்றாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். 'மில் தூசி இருமல்' என்று மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவ உதவி கேட்டு வரும் சகோதரர்கள் பயாப்ஸி தாளையும் பரிசோதனை முடிவுகளையும் கொண்டு வாருங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதித் தரவும், தேவைப்பட்டால் உடன் வரவும் நாங்கள் தயார், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.